அடுத்தது: 44,260

"யோசிச்சு வையுங்க பெரியப்பா, இதா வந்தர்றேன்" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை நந்தகோபால் என் ஃபில்டர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனதும் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி மெல்ல ஓய்ந்து, கடைசிச் சுற்றை முடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யோசிக்கச் சொன்னது வேறு விஷயம். கண்ணாடி மேஜைமேல் இரண்டு இருக்கின்றன. இடது பக்கம் புது மாதிரி ஆயில் ஃபில்டர், ஆரஞ்சு வண்ணத் தகரக் குப்பி, அதைப் பழைய இன்ஜினில் பொருத்துவதற்கு ஒரு அலுமினியத் தட்டு. தட்டை ஒருமுறை முடுக்கிவிட்டால் போதும், பிறகு எப்போதும் குப்பியைக் கையால் திருகிக் கழற்றித் தூர எறிந்துவிட்டு வேறு குப்பியைத் திருகிக்கொள்ளலாம், பல் தேய்க்கத் தெரிந்த யாரும் செய்யலாம் என்றான். வலது பக்கம் நான் எப்போதும் வாங்குகிற பழைய மாதிரியின் அட்டைப் பெட்டி. அதிலிருந்த, எண்ணெயை வடிகட்டுகிற காகித எலிமெண்ட்டை, பழைய சரக்காயிற்றே, அளவு சரியாக இருக்கிறதா என்று என் கிண்ணத்துக்குள் வைத்துப் பார்க்க எடுத்துப் போயிருக்கிறான். பெட்டியோடு வந்த ரப்பர் வளையம் மட்டும் என் முன்னால் கிடக்கிறது. அம்பாசிடருக்கு, அதுவும் எண்பத்து நாலாம் வருஷத்துப் பெட்ரோல் அம்பாசிடருக்கு, ஃபில்டர் என்பது ஒரு இரும்புக் கிண்ணம். உள்ளே எலிமெண்ட், விளிம்புக்கு நேர் மேலே இன்ஜினில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் வளையம், கீழேயிருந்து நடுவில் ஒரு நீள போல்ட். எலிமெண்ட் மாறும், வளையம் மாறும், கிண்ணம் மாறாது. புது மாதிரிக்குப் போனால் கிண்ணத்துக்கு வேலையே இல்லை. "பழசை இங்கயே போட்டுட்டுப் போயிருங்க, எதுக்கு பஸ்ஸுல சுமந்துக்கிட்டு" என்றுகூடச் சொல்லிவிட்டான். அவன் கையில் கொடுக்கும்போது பிளாஸ்திரி ஒட்டிய பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவன் வாங்கின மறுநொடி அது அவன் பக்கம் திரும்பியிருக்கும். எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துப்போன இரண்டு விரல் அகலப் பிளாஸ்திரி, யார் கண்ணிலும் படாது. எனக்கு மட்டும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். ஒரு தேதி. அதற்குக் கீழே 41,260. அதற்கும் கீழே, அடுத்தது: 44,260. என் மனைவி சுகிர்தத்தின் கையெழுத்து. அவள் போய் இந்த ஆகஸ்டோடு மூன்று வருஷம்.

வளையத்தை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்க்கிறேன். உருளுகிறது என்று கண்தான் சொல்கிறது, விரல் சொல்வதில்லை. சர்க்கரை நோய் முதலில் பாதத்தைத் தின்றது, இப்போது விரல் நுனிக்கு வந்திருக்கிறது. ஊசி குத்தினால் தெரியும், பூ தொட்டால் தெரியாது. இந்த வேலைக்கோ பூ தொடுகிற விரல்தான் வேண்டும். இன்ஜினுக்குக் கீழே மல்லாந்து படுத்து, எட்டாத இடத்தில் கையை நீட்டி, கண்ணால் பார்க்க முடியாத பள்ளத்துக்குள் வளையத்தைப் பதிய வைத்து, கிண்ணத்தை ஏந்தி, அது வளையத்தின்மேல் நேராக உட்கார்ந்ததா கோணலாக உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் கேட்டுத் தெரிந்துகொண்டு போல்ட்டை முடுக்க வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் எண்ணெய் ஒழுகும். ஒழுகுவது தெரியாமல் ஓட்டினால் பத்துப் பதினைந்து மைலில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டி எடைக்குப் போகும் இரும்பு. நான் எட்டாவதோடு நின்றவன். கார் வேலையைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த அட்டையில்லாத ஒரு புத்தகத்திலிருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மில்லில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோரில் இருந்தேன். பேரிங்கும் போல்ட்டும் கேட்டு வருகிறவர்களை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன். யோசித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அளவு தெரிந்துகொண்டு வராமல் என்னய்யா யோசனை என்று கேட்பேன். இப்போது அளவெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன். இன்று விடியும் முன்பே எண்ணெயை வடித்துவிட்டேன். தார் மாதிரி வந்தது, கூழ் மாதிரிக் கட்டிகட்டியாக. போன வாரம் சுங்கம் சிக்னலில் நிற்கும்போது ஆயில் முள் பதினைந்துக்கு இறங்கியது. பச்சை விழுந்தும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் ஒரே ஹாரன். பக்கத்தில் வந்த மொபெட்காரன் கண்ணாடியைத் தட்டி, "பெருசு, உசுரோட இருக்கீங்களா?" என்றான். இருக்கிறேன் என்று கை காட்டினேன்.

முள்ளைப் பார்ப்பது என் வேலையாக இருந்ததே இல்லை. நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் முள்ளைப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் நர்ஸ். எதையாவது அளந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. தொண்ணூற்றொன்றில் வண்டியை வாங்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்தபோது, மற்ற பெண்கள் சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள், இவள் அந்தச் சின்ன வட்டத்தைக் காட்டி, "இது என்னங்க?" என்றாள். எண்ணெய் இன்ஜினுக்குள்ளே எவ்வளவு அழுத்தமாக ஓடுகிறது என்று காட்டும் என்றேன். "அப்ப பிபின்னு சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்குப் பிபி என்றுதான் பெயர். எங்கே போய் வந்தாலும் வீட்டில் இறங்கும்போது, "ஐம்பத்தஞ்சு, நார்மல்" என்பாள். பிளாஸ்திரி ஒட்டுவதும் வார்டிலிருந்து வந்த பழக்கம்தான். சலைன் பாட்டிலில் ஒட்டி எழுதுவார்களே, பெயர், தேதி, எத்தனை மணிக்கு மாட்டினது, அதே மாதிரி. வீட்டில் ஊறுகாய் ஜாடியில், கேஸ் சிலிண்டரில், மாத்திரை டப்பாவில், மழைக்கோட்டுப் பையில்கூட ஒட்டியிருந்தாள். முதல் தடவை நான் ஃபில்டர் மாற்றி முடித்துவிட்டு எழுந்தபோது பிளாஸ்திரிச் சுருளும் பேனாவுமாக வந்து நின்று, "மாட்டின பொறகு எழுதறதா? மொதல்ல பேரு, அப்பறந்தான் ஊசி. அங்கயெல்லாம் எழுதாம கையே வெக்க மாட்டோம்" என்று சண்டை பிடித்தாள். அடுத்த தடவையிலிருந்து கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்துவிடுவேன். எழுதி ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பாள். அப்புறம்தான் நான் கீழே படுக்கலாம்.

அந்த முதல் தடவை. சனிக்கிழமை மாலை புத்தகத்தில் போட்டிருந்தபடி எல்லாம் செய்தேன், மறுநாள் காலை உடுமலையில் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம், பின் சீட்டில் பெர்சி, எட்டு வயது, இரண்டு சடை. கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். காற்றாலை ஒன்றும் அப்போது கிடையாது, இரண்டு பக்கமும் வேலியும் பனையும்தான். நான் பாட்டுக்குப் பெருமையாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், "ஏனுங்க, பிபி எறங்குது" என்றாள். மேடு ஏறுகிறதில்லையா, அப்படித்தான் இருக்கும் என்றேன். "முப்பது" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் "இருவத்தி ரெண்டு. நிறுத்துங்க." இதோ ஊர் வந்துவிட்டது என்றேன். "பேஷண்டு சாகற வரைக்கும் ஊர் வருது ஊர் வருதுன்னு சொல்லுவீங்களா, நிறுத்துங்கன்னா!" நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால் தார் ரோட்டில் நாங்கள் வந்த வழி பூராவும் கறுப்பாக ஒரு கோடு. பெர்சி அதைப் பார்த்து, "அப்பா, காரு ஒண்ணுக்குப் போயிட்டே வந்திருக்கு" என்றாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பு, எனக்கு ஆத்திரம். கிண்ணத்தைக் கழற்றினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது, எலிமெண்ட் புதுசு, வளையம் புதுசு. ரோட்டோரம் உட்கார்ந்து புத்தகத்தில் படித்ததையெல்லாம் மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறேன். அவள் அக்கா வீட்டுக்கென்று கட்டியிருந்த நல்ல சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்து, பள்ளத்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "இது என்னங்க, உள்ள இன்னொண்ணு இருக்கு?" கொண்டையிலிருந்து ஊசியைப் பிடுங்கி நோண்டினாள். பழைய வளையம். சூட்டில் வெந்து கல்லாகிப் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டிக்கொண்டிருந்தது, இரும்பேதான் என்று நான் நினைத்துவிட்டேன். அதை எடுக்காமல் அதன்மேல் புதுசை வைத்து முடுக்கியிருக்கிறேன். இரண்டுக்கும் இடமில்லாமல் எண்ணெய் வழி கண்டுபிடித்து வெளியே வந்திருக்கிறது. ஊசி நுனியில் அந்தக் கறுப்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். "வயித்துக்குள்ள பஞ்ச வெச்சுத் தெச்சுட்டீங்களே டாக்டர்!" பஸ் பிடித்துக் கிணத்துக்கடவுக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்து ஊற்றிக் கிளம்ப மூன்று மணியாகிவிட்டது. அக்கா வீட்டில் பிரியாணி ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து நான் எப்போது கீழே படுத்தாலும் மேலேயிருந்து குரல் வரும், "பழசை எடுத்தாச்சுங்களா?" கூடவே நிமிர்த்திய கொண்டை ஊசி ஒன்று நீளும். பிறகு அதைச் சாவிக்கொத்திலேயே மாட்டிவிட்டாள். இன்றைக்கும் இருக்கிறது, சட்டைப்பையில், வண்டி எண்ணெய் இல்லாமல் ஷெட்டில் கிடந்தாலும் சாவி என்னோடுதான் வரும். ஆரஞ்சுக் குப்பியைத் திருப்பிப் பார்க்கிறேன். அதன் வாயிலேயே வளையத்தை வைத்துத்தான் விற்கிறார்கள். குப்பியைக் கழற்றினால் வளையமும் கூடவே வந்துவிடும். நோண்டுவதற்கு ஒன்றுமில்லை.

எங்கேயோ சரக் சரக் என்று தேய்க்கிற சத்தம். பக்கத்து டீக்கடையில் பாத்திரம் கழுவுகிறார்கள் போலிருக்கிறது. மண்ணெண்ணெய் வாடை லேசாக வந்தது, உடனே நாங்கள் முன்பு இருந்த குவார்ட்டர்ஸ் வீடு நினைவுக்கு வந்தது, பம்ப் ஸ்டவ், அதன் பித்தளை வயிற்றில் தெரிகிற அவள் முகம், அகலமாக, மூக்கு மட்டும் பெரிதாக. நைட் டியூட்டி முடிந்து வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவாள். பால் பொங்கும் சத்தத்துக்குத்தான் கண் விழிப்பாள். எந்த அலாரத்துக்கும் எழாதவள் பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் எழுந்துவிடுவாள். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். சத்தம் மாறும் என்றாள். சத்தம் மாறுவது எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. செல்போன் அடித்தது. பெர்சி, ஓசூரிலிருந்து. "எங்கப்பா இருக்கீங்க?" என்றாள். நஞ்சப்பா ரோடு பக்கம் என்றேன். "நஞ்சப்பா ரோடுன்னா ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இன்னும் அந்த டப்பாவுக்குத்தான் எண்ணெய் வாங்கிட்டு இருக்கீங்களா?" ஃபில்டர் என்றேன். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன், அப்ப நீங்க ஓட்டுங்க, நான் முன்னாடி உக்காந்து பாக்கறேன். சரியா ஓட்டுனா வெச்சுக்குங்க. இல்லைன்னா குடுத்துரணும். நான் சும்மா சொல்லலைப்பா." முன்னாடி உட்கார்ந்தால் பிபி பார்ப்பாயா என்று கேட்டேன். "பாக்கறேன்ப்பா" என்றாள். "சாப்ட்டீங்களா?" என்றாள். வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது, மூன்று வருஷமாக நான் எண்ணெய் மாற்றவில்லை என்று. குறையக் குறைய மேலே ஊற்றியதோடு சரி. மெக்கானிக்கிடம்கூட மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன். மாற்றுவதென்றால் கிண்ணத்தைக் கழுவ வேண்டும். கழுவினால் பிளாஸ்திரி போகும். சுகிர்தம் எழுதின ஊறுகாய் ஜாடி போன வருஷம் கைதவறி உடைந்தது, சிலிண்டர் கம்பெனிக்குப் போய்விட்டது, மாத்திரை டப்பாவில் எழுத்து மங்கிவிட்டது. படிக்கிற மாதிரி மிச்சமிருந்தது இது ஒன்றுதான், வண்டிக்கு அடியில், கண்ணுக்கு மறைவாக. டார்ச் அடித்து வாரம் ஒருமுறை பார்ப்பேன். போன வருஷக் கடைசியில் ஒருநாள், சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது மீட்டர் 44,258 என்று காட்டியது. வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர் இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நடந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வெயில் ஏறிவிட்டது, கிளப்பினேன். 44,260 என் கண் முன்னால் மெதுவாகப் புரண்டு வந்து நின்றது. அடுத்த கம்பத்துக்குள் கடைசி இலக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று அவள் எழுதியதை, அவள் எழுதியது என்பதற்காகவே மாற்றாமல் தாண்டி ஓட்டினேன்.

எழுதின நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம் அவள் டெஸ்ட் ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்குச் சொல்லவில்லை, அவளாகவே பரிசோதனைக்குக் கொடுத்து அவளாகவே வாங்கி வந்து துணி அலமாரிக்குள் வைத்திருந்தாள். உடம்பு அசதி, வயசாச்சில்ல என்றுதான் சொன்னாள். வழக்கமாக என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருகிறவள் அன்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போர்ட்டிகோவில் போட்டு உட்கார்ந்தாள், நானும் ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மீட்டர் எவ்வளவுங்க என்று கேட்டாள், சொன்னேன். எழுதினாள். அடுத்தது என்று எழுதி, மூவாயிரத்தைக் கூட்டி, நிறுத்தாமல் எழுதினாள். பேனா நின்றதா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை. அவளுக்குத் தெரியும், எத்தனை மாதம் என்று எங்கள் தெருவில் யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும், எத்தனை கட்டிலைப் பார்த்தவள், நாற்பத்து நாலாயிரத்து இருநூற்று அறுபதில் தான் முன் சீட்டில் இருக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே அந்த எண்ணை எழுதி, கட்டைவிரலால் அழுத்தி, ஓரம் தூக்கிக்கொள்ளாமல் இரண்டாவது தடவையும் தேய்த்து, "இந்தாங்க" என்று கொடுத்தாள். நான் கீழே போன பிறகு மேலேயிருந்து கேட்டாள், பழசை எடுத்தாச்சுங்களா. எடுத்தாச்சு என்றேன். இரண்டாவது முறையும் கேட்டாள். ஏன் இரண்டாவது முறை கேட்டாள்? நான் சொன்னது காதில் விழவில்லையா, இல்லை இனிமேல் கேட்க ஆளில்லை என்றா. நான் எரிச்சலோடு, "எடுத்தாச்சுன்னு சொன்னேனில்ல" என்றேன். அந்த எரிச்சல்தான் வந்து வந்து இடிக்கிறது. சாவைக்கூட மறந்து ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம், அந்த எரிச்சலை விழுங்க முடிவதில்லை. மண்ணெண்ணெய் வாடை இப்போது பலமாக வருகிறது. சரக் சரக். டீக்கடையில் கேஸ் அடுப்பல்லவா. பாத்திரத்தை மண்ணெண்ணெய் போட்டா கழுவுவார்கள்?

எழுந்தேன். வலது பாதம் மரத்துக் கிடந்தது, ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. "தம்பி" என்று கூப்பிட்டேனா, கூப்பிட நினைத்தேனா தெரியவில்லை. அதற்குள் அவன் இருட்டிலிருந்து வந்துவிட்டான், கையில் என் கிண்ணம், ஈரமாகப் பளபளவென்று. "பாத்து பெரியப்பா, பாத்து. உக்காருங்க. இதப் பாருங்க, எப்படி இருக்குது! எலிமெண்ட்டு அச்சா உக்காருது. சரி கையோட கழுவிக் குடுத்தர்லாம்னு ப்ரஷ் போட்டேன், அப்பா இருந்திருந்தா உங்க வண்டின்னா அவரே கழுவியிருப்பாரு" என்றான். பழைய கடைக்காரர் ரங்கசாமியின் மகன் அப்படியே ரங்கசாமிதான், கேட்காததையும் செய்து தருகிற கை. கிண்ணத்தை வாங்கித் திருப்பினேன். மூன்று வருஷ அழுக்கு போய்ப் பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் செவ்வகமாகக் கொஞ்சம் கூடுதல் பச்சை. அவ்வளவுதான். "இதுல ஒரு பிளாஸ்திரி" என்றேன். "ஆமாங்க பெரியப்பா, ஊறிப்போய் ஒட்டிட்டிருந்துச்சு, பிளேடு போட்டுச் சுரண்டிட்டேன். ஓட்ட கீட்ட அடைக்க ஒட்டுனீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன், வெளிச்சத்துல காட்டிப் பாத்தேன், ஓட்டையெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான். எங்கே போட்டாய் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் கழிவெண்ணெய்த் தகரத்தைத் தூக்கி வந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு சுருள் மிதந்தது. "எடுக்கட்டுங்களா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான். அவன் முழங்கை வரைக்கும் கறுப்பாகப் போகிறது என்று நினைத்தேன், அதை எடுத்து என்ன செய்வேன் என்று நினைத்தேன், மை மண்ணெண்ணெயில் நிற்காது என்பது எனக்குத் தெரியாதா. பாட்டில் தீர்ந்ததும் பிளாஸ்திரியை என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். "என்ன செய்யறது, பாட்டிலோட போகும். அடுத்த பாட்டிலுக்குப் புதுசா எழுதுவோம்" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. "வேண்டாம் தம்பி, விடுங்க" என்றேன். "முக்கியமானதுங்களா?" என்றான். "கிலோமீட்டர் எழுதியிருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்குது."

அவன் நம்பவில்லை. குற்றம் செய்தவன் மாதிரி ஆரஞ்சுக் குப்பியை என் பக்கம் தள்ளி, "இதையே எடுத்துக்குங்க பெரியப்பா. இந்த வயசுல எதுக்கு அடியில படுத்துக்கிட்டு. மெக்கானிக்கு யாரா இருந்தாலும் மாட்டிருவான், கிண்ணத்தை நான் வேணும்னா ஞாபகத்துக்குப் பையில போட்டுத் தர்றேன்" என்றான். நியாயமாகத்தான் சொன்னான். இனிமேல் கிண்ணத்தை அதன் எழுத்துக்காக வைத்திருக்க வேண்டியதில்லை. குப்பியைக் கையில் எடுத்தேன், லேசாக இருந்தது. நல்ல பொருள்தான். கீழே வைத்தேன். சட்டைப்பைக்குள் சாவிக்கொத்து, ஊசி துணியைத் தாண்டி நெஞ்சில் லேசாகக் குத்தியது. குத்தினால் தெரிகிறது. விரல் நுனிக்குத் தெரியாவிட்டாலும் ஊசி நுனி பள்ளத்துக்குள் ஓடும்போது தட்டினால் கைக்குத் தெரியும். கிண்ணம் கோணலாக உட்கார்ந்தால்? கிளப்பிவிட்டு நகராமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, கீழே வெள்ளைக் காகிதம் விரித்துப் பார்த்தால் ஆயிற்று. அப்படித்தானே புத்தகத்தில் போட்டிருந்தது. "பழைய மாதிரியே குடுங்க" என்றேன். பெருமூச்சு விட்டான். எலிமெண்ட்டைப் பெட்டிக்குள் போட்டு, வளையத்தையும் போட்டு மூடினான், மூடினவன் திரும்பத் திறந்து வளையத்தை என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டி, "ஆனா பெரியப்பா, பழசை எடுத்துட்டு மாட்டுங்க. உள்ள ஒட்டிக்கிட்டே இருக்கும், தெரியாது. எவ்வளவு பெரிய ஆளுகளும் அதுலதான் கோட்டை விடறாங்க" என்றான். எடுத்துவிடுகிறேன் என்றேன். பெட்டியை மறுபடி மூடிக்கொண்டே, "பழசை எடுக்கணும், மறந்தராதீங்க" என்று இன்னொரு தடவை சொன்னான். எனக்கு எரிச்சல் வரவில்லை. "எடுத்தர்றேன் தம்பி" என்றேன், இரண்டாவது தடவையும், நிதானமாக.

கரண்ட் வந்தது. விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்றத் தொடங்கியது. கடையில் பிளாஸ்திரி இருக்குமா என்று கேட்டேன். "ஐயய்யோ, கை கிழிச்சுக்கிட்டீங்களா?" என்று மேஜையைச் சுற்றி ஓடி வந்தான். கையை விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முதலுதவிப் பெட்டியைத் திறந்தான். இரண்டு விரல் அகலம் கிழித்து வாங்கினேன். கிண்ணத்தை வேட்டியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூடுதல் பச்சையாக இருந்த இடத்தில் ஒட்டினேன், சரியாகப் பொருந்தியது. பேனாவையும் அவனிடமே வாங்கி இன்றைய தேதியை எழுதினேன். என் எழுத்து அவள் எழுத்து மாதிரி வராது, ஸ்டோர்க்காரன் எழுத்து, எண்கள் மட்டும் திருத்தமாக இருக்கும். 45,010 என்று எழுதினேன். அடுத்தது என்று எழுதிப் புள்ளிகளும் வைத்தேன். பேனா நின்றுவிட்டது. நாற்பத்து எட்டாயிரத்துப் பத்து. கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. இப்போது ஓட்டுகிற ஓட்டத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேலாகும், எழுபத்தாறு முடிந்திருக்கும், கால் இருக்குமோ, கண் இருக்குமோ, கிறிஸ்துமஸுக்கே பெர்சி என்ன சொல்லப்போகிறாளோ. வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. சுகிர்தத்துக்கு நிற்கவில்லை. இதைவிடக் கிட்டத்தில் முடிவு தெரிந்திருந்தும் அவளுக்குப் பேனா நிற்கவில்லை. எழுதினேன். 48,010. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன், ஓரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க மறுபடியும் தேய்த்தேன். நந்தகோபால் எட்டிப் பார்த்து வாய்க்குள் படித்தான். "நாப்பத்தெட்டாயிரத்துப் பத்து. அப்ப அதுக்கும் இங்கதான் வரணும், வேற கடைக்குப் போயிராதீங்க" என்றான். பழைய மாதிரி எலிமெண்ட் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். இரண்டுதான், அதற்கப்புறம் வராது, கம்பெனியே நிறுத்தியாச்சு என்றான். கிண்ணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். "அதுல ஒண்ணை விக்காதீங்க தம்பி" என்றேன். "எம் பேரை எழுதி ஒட்டி வையுங்க."